கடலில் டீசல் இன்ஜின் நின்றுபோனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துப் பக்கம் வந்து நின்றால் இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு மாதம் சும்மா கிடந்த போட்டு, துறையில் கட்டியிருக்கும்போது அரைமணி நேரம் அருமையாக ஓடியிருக்கும், படகை ஓட்டும் ஸ்ராங்குக்கும் மனசு நிறைந்திருக்கும். முகத்துவாரத்தில் முதல் அலையில் ஏறி இறங்கியதும் இன்ஜின் சத்தம் மாறும், வேகம் தானாக ஏறும், இறங்கும், அப்புறம் நின்றே போகும். டேங்கின் அடியில் அத்தனை நாள் படிந்து கிடந்த தண்ணீரும் அழுக்கும் படகு ஆடியதும் கலங்கி, டீசலோடு சேர்ந்து போய் பில்டரை அடைத்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அசையாமல் நின்ற படகில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நீரோடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் டிராலிங் தடை 52 நாள். சிறிய வள்ளங்களுக்குத் தடை இல்லை என்றாலும் ஆனி, ஆடிக் கடலில் அவையும் பல நாள் மணலில்தான் கிடக்கின்றன. அந்த மழையிலும் ஈரத்திலும் பாதி காலியான டேங்கோடு இன்ஜின் கிடந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

புதிதாக இன்ஜின் வைத்த வள்ளம் வாங்கியவர்கள், அப்பாவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ இப்போதுதான் சுக்கானை வாங்கியவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்று முதல் நான்கு சிலிண்டர் வரை உள்ள, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய மாதிரி பம்ப் வைத்த இன்ஜின்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவற்றை இன்ன கம்பெனி என்று பிரிக்க வேண்டியதில்லை, டீசல் போகும் வழி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: டேங்க், வால்வு, ஓஸ், தண்ணீர் பிரிக்கும் முதல் பில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பீட் பம்ப், இன்ஜின் மேலுள்ள இரண்டாவது பில்டர், அழுத்தம் கொடுக்கும் டீசல் பம்ப், நாசில் பைப், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில். மிச்ச டீசல் ரிட்டர்ன் ஓஸ் வழியாகத் திரும்பவும் டேங்குக்கே போகும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டீசல் எந்த வழியில் போகிறதோ அதே வழியில், அதே வரிசையில் நாமும் போக வேண்டும். இன்ஜின் நின்றதும் நேராக டீசல் பம்பில் ஸ்பானரை வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. டேங்குக்கும் இரண்டாவது பில்டருக்கும் நடுவில் எங்கேயோதான் இருக்கும்.

முதலில் படகு, அப்புறம் இன்ஜின்

முகத்துவாரத்துக்கோ பாறைக்கோ பக்கத்தில் இன்ஜின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. கச்சான் என்னும் மேற்குக் காற்றும் அலையும் படகைக் கரைப்பக்கம்தான் தள்ளும், நீங்கள் குனிந்து பில்டரைக் கழற்றும் பத்து நிமிடத்தில் படகு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நங்கூரம் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் இன்ஜின் மூடியைத் திறக்க வேண்டும். பக்கத்தில் படகு இருந்தால் அவர்களுக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள், வி.எச்.எஃப். இருந்தால் 16-ஆம் சேனலில் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் மூன்று சின்ன விஷயங்கள். ஸ்டாப் லிவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நேற்று இன்ஜினை நிறுத்த இழுத்தது அப்படியே உப்புப் பிடித்து நின்றிருந்தால், எத்தனை தடவை செல்ப் அடித்தாலும் டீசல் போகாது. கேபிளுக்குப் பதில் கரண்டில் வேலை செய்யும் சொலினாய்டு இருந்தால், சாவியைத் திருப்பும்போது அதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், உப்புக்காற்றில் அது சீக்கிரம் வரும். இரண்டாவது, டேங்க் வால்வு திறந்திருக்கிறதா. மூன்றாவது, டீசல் உண்மையிலேயே இருக்கிறதா. மீட்டரை நம்பாமல் ஒரு சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். கால் டேங்குக்குக் கீழே போனால் படகு சாயும்போது உறிஞ்சும் குழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்து காற்றை இழுத்துவிடும். குச்சியில் டீசல் தெரிகிறதே என்று குழம்ப வேண்டாம், சாய்வில் அது வேறு பக்கம் இருந்திருக்கும்.

செல்ப் அடிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் விட்டு அடியுங்கள், இல்லையென்றால் பேட்டரியும் போகும், ஸ்டார்ட்டரும் போகும். உங்கள் இன்ஜினில் கடல் தண்ணீர் புகையோடு கலந்து வெளியே போகும் அமைப்பு இருந்தால் இன்னொன்றும் உண்டு. இன்ஜின் பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றும்போது அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் வேகம் போதாது, அது நிறைந்து பின்னோக்கிச் சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடலாம். ஆகவே நிறைய நேரம் அடிக்க வேண்டியிருந்தால் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள், இன்ஜின் பிடித்த உடனே திறந்துவிடுங்கள்.

இன்ஜின் என்ன சொல்கிறது

டீசல் இன்ஜினுக்குப் பிளக் இல்லை, பொறி இல்லை. காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் டீசல், இந்த மூன்றும் இருந்தால் ஓடும். செல்ப் அடிக்கும்போது புகைக்குழாயைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் வருகிறது, எரியவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம், நாசில் சரியாகத் தூவாமல் இருக்கலாம், கம்பிரஷன் குறைந்திருக்கலாம். கருப்புப் புகை டீசல் பற்றாக்குறையின் அடையாளமே இல்லை, அது காற்று போதாததாலோ சுமை கூடியதாலோ வருவது. கருப்புப் புகையோடு இன்ஜின் திணறினால் முதலில் படகைத் தள்ளும் விசிறியில் (புரொப்பல்லரில்) வலையோ கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்து நின்றதென்றால் எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றுமில்லை, முடுக்கினால் மட்டும் சக்தி வரவில்லை என்றால் பில்டர் அடைப்பு. வேகம் தானாக ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடினால் எங்கேயோ காற்று உள்ளே வருகிறது. ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றால், ஏற்கெனவே பில்டரில் இருந்த டீசலை வைத்து ஓடியிருக்கிறது, புதிதாக வரவில்லை. அரைமணி நேரம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லச் சோர்ந்து நின்று, கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் ஓடுகிறது என்றால், டேங்குக்கு மூச்சு விட வழியில்லை.

இந்தக் கடைசி வகையில் நானே ஒரு வருடம் மாட்டியிருக்கிறேன். தடைக்காலம் முடிந்து இறக்கிய போட்டு, நாற்பது நிமிடம் ஓடும், நிற்கும். பில்டர் மாற்றினேன், ஏர் எடுத்தேன் (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவது), ஓஸ் மாற்றினேன். கடைசியில் ஒரு பட்டறையில் டீசல் பம்பையே கழற்றிக் கொடுத்து, பணமும் நான்கு நாள் தொழிலும் போய், மாட்டிய பிறகும் அதே நாற்பது நிமிடம்தான். எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசான் விழிஞ்ஞத்திலிருந்து வந்தார், எதையும் தொடவில்லை. இன்ஜின் சோர்கிற நேரத்தில் டேங்க் மூடியைத் திருகினார், 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் எல்லாருக்கும் கேட்டது, இன்ஜின் நிமிர்ந்து ஓடியது. மூச்சுக்குழாயின் வளைந்த வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்குக்குள் வெற்றிடம் கூடி, பீட் பம்ப் இழுக்க முடியாத நிலைக்குப் போயிருக்கிறது. அதனால் இப்போது எந்த வள்ளத்தில் ஏறினாலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் குழாயைத்தான். சந்தேகம் வந்தால் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள், ஒரு பைசா செலவில்லாத சோதனை.

டேங்க்

டீசல் தண்ணீரைவிட லேசானது, தண்ணீர் எப்போதும் அடியில் போய் நிற்கும். டேங்கின் அடியில் வடிகால் இருந்தால் அதைத் திறந்து ஒரு வெளிப்படையான தண்ணீர் பாட்டிலில் பிடியுங்கள். வடிகால் இல்லாவிட்டால் முதல் பில்டரின் அடித் திருகைத் திறந்து பிடியுங்கள். அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். முழுவதும் மங்கலாக, நீர்த்த மோர் போல இருந்தால் தண்ணீர் கலங்கிக் கலந்திருக்கிறது. தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கருப்பாக, சளி மாதிரி வழவழவென்று ஏதாவது மிதந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, உயிருள்ளது. பாக்டீரியாவும் பூஞ்சையும் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வாழ்கின்றன, டீசலைத் தின்று வளர்கின்றன. தண்ணீர் இல்லாத டேங்கில் அவற்றால் பெருக முடியாது. அந்தச் சளி பில்டரை அடைத்தால் நீங்கள் எத்தனை பில்டர் மாற்றினாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பவும் அடைக்கும், டேங்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். கழுவிய பிறகு அதற்கென்று விற்கும் கிருமிக்கொல்லி மருந்தை அளவுப்படி டீசலில் சேர்க்கலாம். மருந்தை மட்டும் ஊற்றிவிட்டு டேங்கைக் கழுவாமல் விட்டால் செத்த சளி மொத்தமாகக் கிளம்பி வந்து அடைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பாதி காலியான டேங்கில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவே உள் சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து வழிகிறது. அதைவிடப் பெரிய வழி நாம் டீசல் கொண்டுவரும் கேன். மழையில் பைக்கில் வரும் கேன், மூடியின் ரப்பர் போன கேன், முந்தின நாள் குடிதண்ணீர் பிடித்த கேன். டீசலுக்கென்று கேன் தனியாக வையுங்கள், ஊற்றும்போது நுண் வலை வைத்த புனலில் ஊற்றுங்கள், அடியில் இருக்கும் கடைசிக் கைப்பிடி அளவை டேங்கில் கவிழ்க்காமல் வேறு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். டேங்க் புதிதாகச் செய்கிறவர்கள் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யாதீர்கள், டீசல் அந்தப் பூச்சோடு வினை புரிந்து பில்டருக்கும் நாசிலுக்கும் ஆகாத படிவைக் கொடுக்கும்.

உறிஞ்சும் குழாயின் முனையில் சல்லடை இருந்தால் அதுவும் அடைக்கும். இரும்புத் துகள், பெயின்ட் செதில், சில நேரம் மூடியிலிருந்து கிழிந்த ரப்பர் துண்டு. பீட் பம்ப் பக்கம் ஓஸைக் கழற்றி சைக்கிள் பம்பால் டேங்க் பக்கமாக ஊதுங்கள், டேங்குக்குள் குமிழி விடும் சத்தம் தடையில்லாமல் கேட்க வேண்டும். வாயால் உறிஞ்சுவது நம் ஊரில் பழக்கம், தயவுசெய்து அதை விடுங்கள். ஒரு வாய் டீசல் நுரையீரலுக்குள் போனால் அது கடுமையான நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

காற்று எங்கே நுழைகிறது

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த இடம். டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் ஓஸில் ஓட்டை இருந்தால் அங்கே டீசல் சொட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். டேங்க் கீழே, பம்ப் மேலே இருக்கும் படகில் அது சொட்டாது. அந்தப் பகுதியில் பம்ப் இழுத்துக்கொண்டிருக்கிறது, தள்ளவில்லை. ஆகவே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. எல்லா இணைப்பும் காய்ந்து சுத்தமாக இருக்கும், இன்ஜின் மட்டும் நிற்கும். பீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் டீசல் அழுத்தத்தில் போகிறது, அங்கே ஓட்டை இருந்தால் சொட்டும்.

இதைப் பிடிக்க நான் நம்பும் சோதனை ஒன்றே ஒன்று. ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் எடுங்கள், ஒரு ஓஸை அதில் விட்டு மறுமுனையைப் பீட் பம்பின் உள்வாயில் மாட்டுங்கள், கேனை இன்ஜினைவிட உயரமான இடத்தில் கட்டுங்கள். ரிட்டர்ன் ஓஸ் வழக்கம்போல டேங்குக்கே போகட்டும். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் பீட் பம்பைத் தாண்டி நாசில் வரை எல்லாம் சரி, கோளாறு பெரும்பாலும் டேங்கிலோ ஓஸிலோ முதல் பில்டரிலோ இருக்கிறது (கேன் உயரத்தில் இருப்பதால் சோர்ந்த பீட் பம்ப் மட்டும் இதில் தெரியாமல் போகலாம்). கேனிலும் அதே கோளாறு வந்தால் டேங்க் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம். பாதி வழியை ஒரே சோதனையில் ஒதுக்கிவிடலாம். நடுக்கடலில் கோளாறே பிடிபடாவிட்டாலும் இதே கேனை வைத்துக்கொண்டு, டேங்கிலிருந்து வலை வைத்த புனலில் வடித்து நிரப்பி நிரப்பி, கரை சேர்ந்துவிடலாம்.

கோளாறு டேங்க் பக்கம் என்று தெரிந்தால் ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள். கிளிப் கடித்த இடத்தில் ஓஸ் வெடித்திருக்கும், அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மாட்டினாலே சில நேரம் போதும். ஓஸை விரலால் அமுக்கிப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தால் டீசலுக்கு ஆகாத ரப்பர். அப்படிப்பட்ட ஓஸின் உள் தோல் உரிந்து மடல் மாதிரி தொங்கும், ஊதினால் வழிவிடும், இழுத்தால் அடைக்கும், வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். பீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஓஸைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டினால் குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். தெரிந்த பிறகு அதைக் கழற்றிவிடுங்கள், சாதாரணக் கண்ணாடி ஓஸ் இன்ஜின் சூட்டிலும் டீசலிலும் கட்டையாகி விரிசல் விடும்.

பில்டர்

முதல் பில்டர் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான் வரையுள்ள அழுக்கையும் தண்ணீரையும் பிடிக்கும், இரண்டாவது அதைவிட நுண்ணியது. நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். டீசல் பம்புக்குள் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் போதும் அதைக் கீறுவதற்கு. அதனால்தான் அவசரத்தில் பில்டரை எடுத்துவிட்டு நேராக இணைத்து ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முகத்துவாரத்தில் உயிரா இன்ஜினா என்று வந்தால் ஓட்டுங்கள், அது வேறு. கரைக்கு வந்ததும் திரும்ப மாட்டுங்கள்.

மாற்றும்போது செய்யும் தவறு இரண்டு. பழைய ரப்பர் வளையம் மேல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காமல் புதிய வளையத்தோடு பில்டரை முடுக்கினால் இரண்டு வளையம் சேர்ந்து காற்று விடும். பில்டர் மாற்றிய பிறகுதான் இன்ஜின் நிற்கத் தொடங்கியது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது பழைய வளையம் எங்கே என்றுதான். இரண்டாவது, புதிய பில்டரை நிரப்பி மாட்டும்போது நடுத் துளையில் ஊற்றுவது. அது வடிந்து வரும் பக்கம், அதில் ஊற்றும் டீசல் வடிகட்டாமலே பம்புக்குப் போகும். சுற்றியுள்ள சின்னத் துளைகளில்தான் ஊற்ற வேண்டும். இரண்டாவது பில்டரை ஊற்றாமல் காலியாகவே மாட்டி பீட் பம்பின் கை லிவரை அடித்து நிரப்பினால் இன்னும் நல்லது. துடைக்க வேஸ்ட் காட்டன் வேண்டாம், நூல் பிரியும். பழைய வேட்டித் துணி போதும்.

பீட் பம்ப்

டயபிரம் வைத்த பீட் பம்பின் பக்கத்தில் கையால் அடிக்க ஒரு சின்ன லிவர் இருக்கும். அதை அடிக்கும்போது லொடலொடவென்று பிடிப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே கேம் அந்த நேரத்தில் பம்பை அமுக்கிக்கொண்டு நின்றால் லிவருக்கு வேலையே இருக்காது. இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் பிடிப்பு இல்லையென்றால்தான் டயபிரமைச் சந்தேகப்பட வேண்டும். பம்பின் வெளிவாய் ஓஸைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் திடமாகத் துள்ளி வர வேண்டும்.

டயபிரம் கிழிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், மோந்தால் டீசல் வாடை அடித்தால், இன்ஜினை ஓட்டாதீர்கள். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும், அதைவிட மோசம், கூடிப்போன ஆயிலையே இன்ஜின் உள்ளே இழுத்து எரித்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் ஓடலாம். டேங்க் மேலே வைத்துத் தானாக இறங்கி வரும் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் பலவற்றில் பீட் பம்பே இருக்காது, அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏர் எடுப்பது

டீசல் வழியில் எதைக் கழற்றி மாட்டினாலும் காற்று புகும். காற்று சுருங்கும், டீசல் சுருங்காது. பம்ப் கொடுக்கும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. சிறிய இன்ஜின்களில்கூட நாசில் திறக்க நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும், லாரி டயரில் இருப்பது எட்டுப் பார்தான். ஆகவே காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும், டேங்க் பக்கத்திலிருந்து வரிசையாக.

முதல் பில்டரின் மேல் திருகை ஒரு சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். டேங்க் மேலே இருந்தால் தானாக வரும், இல்லையென்றால் அந்தப் பில்டரிலேயே உள்ள கைப் பம்பால் அடியுங்கள், பீட் பம்பின் லிவரை அடித்தால் அது இழுத்து அங்கே காற்றைத்தான் உள்ளே விடும். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி கலந்த டீசல், அப்புறம் குமிழியில்லாத தெளிவான டீசல். தெளிந்து வந்துகொண்டிருக்கும்போதே திருகை முடுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு முடுக்கினால் அந்த ஒரு நொடியில் காற்று திரும்ப உள்ளே போகும், ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வது இதற்குத்தான். அதே மாதிரி, பீட் பம்பின் லிவரை அடித்து, இன்ஜின் மேலுள்ள பில்டர், அடுத்து டீசல் பம்பின் திருகு. பொறுமையாக அடியுங்கள், காலியாக மாட்டிய பில்டர் நிறைய ஐம்பது அறுபது அடிகூட ஆகும், ஒன்றும் வரவில்லையே என்று நடுவில் விட்டுவிடாதீர்கள். திருகுகளை வெறிகொண்டு முடுக்காதீர்கள். பில்டர் தலை அலுமினியம், மரை போய்விட்டால் கடலில் வழியில்லை. துளை உள்ள போல்ட்டுகளும் எளிதில் முறியும். அந்த இடத்துச் செம்பு வாஷர் கசிந்தால், புதுசு கையில் இல்லாத நேரத்தில் பழையதையே அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும், இன்னொரு தடவை தாங்கும். அலுமினிய வாஷருக்கு இது ஆகாது.

பல இன்ஜின்கள் இதோடு பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நாசிலின் மேல் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள், பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பானர். பைப்பின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். திராட்டிலை முழுவதும் தள்ளி, ஸ்டாப் லிவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, செல்ப் அடியுங்கள். கையால் சுற்றும் இன்ஜினில் டிகம்பிரஷன் லிவரைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் எளிது. நட்டின் ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வரத் தொடங்கும். வந்ததும் ஒவ்வொன்றாக முடுக்குங்கள், ஒன்றிரண்டு சிலிண்டரில் இன்ஜின் தடதடவென்று பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை ஓடும்போதே முடுக்கலாம்.

இந்த இடத்தில் கையை மட்டும் கவனியுங்கள். நாசிலிலிருந்தோ கீறல் விட்ட பைப்பிலிருந்தோ வரும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி விரலை எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் சின்னக் காயம் என்று கரையில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தீயையும் மறக்க வேண்டாம். நம் பங்கில் விற்கும் டீசலின் தீப்பற்றும் வெப்பநிலைக்குக் குறைந்தபட்ச அளவு 35 டிகிரிதான், ஓடிய இன்ஜின் பக்கத்தில் அதைவிடச் சூடு. பீடி, அடுப்பு எல்லாம் தள்ளி இருக்கட்டும். வடித்த டீசலைக் கடலில் ஊற்றாமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

டீசல் பம்பும் நாசிலும்

இங்கே சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் இது கடலில் திறக்கும் இடம் இல்லை. இன்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு ஓடுவது போல இருந்தால், ஓடும்போது நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி போட்டு, கொஞ்சம் தளர்த்தி முடுக்குங்கள். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் இன்ஜின் இறங்கும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். அந்த நாசிலைக் கழற்றி, டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். டீசல் பம்பின் சீல் வைத்த திருகுகளைத் தொடவே வேண்டாம்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

மே கடைசியில் போட்டைக் கட்டும்போது டேங்கை நிரப்பிவிடுங்கள், காற்று இருக்கும் இடம் குறைந்தால் வியர்ப்பதும் குறையும். நிரப்பக் காசில்லை என்றால் முழுவதும் வடித்துக் காய வையுங்கள், பாதியில் விடுவதுதான் கெடுதல். மூச்சுக்குழாயின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டுங்கள், காற்று போகும், குளவி போகாது. ஜூலை கடைசி வாரம் முதல் பில்டரை வடித்துப் பாருங்கள், இரண்டு பில்டரையும் மாற்றுங்கள், மாற்றிய கையோடு துறையில் வைத்தே ஒருமுறை முழுவதும் ஏர் எடுத்துப் பழகுங்கள், முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், இரவில் டார்ச் இல்லாமல் அது கைகொடுக்கும். பின்னால் இரண்டு பேரை ஏற்றி, கட்டிய இடத்திலேயே படகை நன்றாக ஆட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கலங்க வேண்டியது முகத்துவாரத்தில் கலங்காமல் துறையிலேயே கலங்கட்டும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: முதல் பில்டர் இரண்டு, இரண்டாவது பில்டர் ஒன்று, செம்பு வாஷர் ஒரு பொட்டலம், இரண்டு மீட்டர் டீசல் ஓஸ், ஆறு கிளிப், 10 முதல் 19 வரை ஸ்பானர், வலை வைத்த புனல், சைக்கிள் பம்ப், வெளிப்படையான பாட்டில், அப்புறம் நல்ல டீசல் நிரப்பிய அந்த ஐந்து லிட்டர் கேன். கேனின் மேல் பெயின்டில் 1554 என்று எழுதி வையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை அழைக்கும் எண் அது. இரண்டு முறை வரிசையாக எல்லாம் பார்த்தும் இன்ஜின் பிடிக்கவில்லை, காற்று கூடுகிறது என்றால், மூன்றாவது முறை பில்டரைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், சிக்னல் இல்லாத தூரத்தில் 16-ஆம் சேனல்.